இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகளும் அவற்றின் பக்க விளைவுகளும்

பூஞ்சக்காளானிலிருந்து மனிதனுக்குப் பயன்படும் மருந்தைப் பெறலாம் என்பதைப் பெனிசிலின் உலகுக்கு உணர்த்திற்று. புனே நகரை அடுத்துள்ள பிம்ப்ரியில் 1954ஆம் ஆண்டில், உலக சுகாதார நிறுவனம், ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஆகியவற்றின் துணையோடு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மறு ஆண்டிலேயே அங்குப் பெனிசிலின் உற்பத்தி தொடங்கியது. அதே பூஞ்சக்காளான் வகுப்பிலிருந்து பின்னர் மற்றொரு மருந்தும் கிடைத்தது. அது கிருமிகளைக் கொல்வதன்று. இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளைக் குறைப்பது. ஸ்டாட்டின் எனப்படும் அம்மருந்தை மாரடைப்பும் பக்கவாதமும் வராமல் தடுக்கும் பொருட்டு இன்று எண்ணற்றோர் நாள்தோறும் உட்கொள்ளுகின்றனர்.

இவர்களுள் பலர் சில மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். "தொடை நோகிறது", "உடல் சோர்கிறது", "ஈரல் கெட்டுவிடும் என்றார்கள்" என்பன அவர்கள் கூறும் காரணங்கள். இக்குறைகளில் எவை மருந்தினால் விளைபவை, எவை வேறு காரணத்தால் விளைபவை, அவை தோன்றியபோது செய்யத்தக்கது யாது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில், மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் நோயாளி பெரும்பாலும் இவர்களிடமே முதலில் வாய் திறக்கிறார்.

மருந்தின் வரலாறும் அது செயற்படும் முறையும்

ஜப்பானிய விஞ்ஞானி அக்கிரா எண்டோ, சாங்கியோ என்னும் மருந்து நிறுவனத்தில் 1971ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். கொலஸ்டிரால் உண்டாவதைத் தடுக்கும் பொருள் பூஞ்சக்காளான்களில் இருக்கலாம் என்பது அவர் கருத்து. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளைச் சோதித்த பின்னர், 1973இல், அரிசியில் படர்ந்திருந்த பெனிசிலியம் சிட்ரினம் என்னும் நீலப்பச்சைப் பூஞ்சக்காளானில் அத்தகைய பொருள் அகப்பட்டது. பிறகு ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்னும் வேறொரு பூஞ்சக்காளானிலிருந்து லோவாஸ்டாட்டின் பெறப்பட்டது. 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்ட முதல் ஸ்டாட்டின் இதுவே. இன்று நம் நாட்டில் மிகுதியாக வழங்கும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகிய இரண்டும் இரசாயன முறையில் செய்யப்படுபவை.

உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடலே அதனை உண்டாக்கிக் கொள்ளுகிறது. இதில் ஈரலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஈரலில் கொலஸ்டிரால் உண்டாவதற்கு ஓர் என்சைம் தேவை. அந்த என்சைமை ஸ்டாட்டின் தடுக்கிறது. ஈரலில் கொலஸ்டிரால் குறையவே, தன் தேவைக்காக அது இரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்னும் தீய கொலஸ்டிராலை மிகுதியாக இழுத்துக்கொள்ளுகிறது. இவ்வாறு இழுத்துக்கொள்ளும் முறையைக் கண்டறிந்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்டுஸ்டைன் ஆகிய இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதனால் விளையும் நன்மை ஊகமன்று. ஸ்காண்டிநேவிய நாடுகளில் இதய நோயுற்ற 4,444 பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் உட்கொண்டவர்களிடையே மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது.

மெலிந்தவருக்கு எதற்கு இம்மருந்து?

"நான் பருத்தவன் அல்லன்; எனக்கு ஏன் கொழுப்பு மாத்திரை?" என்று வினவுவோர் பலர். இதற்கு விடை கூறப் புனேயிலேயே ஒரு சான்று உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் தம் இருவருடைய உடல் அளவுகளையே 2004இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் உடற்பருமன் எண் இருவருக்கும் 22.3 என ஒன்றாகவே இருந்தது. ஆயினும் உடலிலுள்ள கொழுப்பின் அளவு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். எனவே, புறத்தோற்றத்தைக் கொண்டு இதயத்தின் நலத்தை மதிப்பிடுதல் பொருந்தாது. தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஏறக்குறைய ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே, நடு வயது 53 என்னும் அளவில், நேருகிறது என்பதை 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது.

ஓர் எடுத்துக்காட்டு

பிம்ப்ரி-சிஞ்ச்வடில் வாழும், தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருக்கு முன்னர் மாரடைப்பு நேர்ந்து, இரத்தக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டுள்ளது. இரண்டு ஆண்டுகளாக ஸ்டாட்டின் உட்கொண்டு வருகிறார். ஆஷாட மாதத்தில், ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் வார்க்கரி அடியார்களோடு அவரும் நடந்து செல்கிறார். மூன்று வாரத்தில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடக்கும் யாத்திரை அது. புனேயைக் கடந்ததும் திவே கணவாயில் ஏற வேண்டும். திரும்பி வந்தபின் தொடையும் கெண்டைக்காலும் நோகின்றன. "கொழுப்பு மாத்திரை தசையைத் தின்றுவிடும்" என்று அண்டைவீட்டார் சொல்லுகிறார். அன்றே மாத்திரை நின்றுவிடுகிறது. மருத்துவருக்குச் செய்தி செல்லவில்லை.

இந்நிலையில் அவர் வீட்டுக்கு வரும் ஆஷா பணியாளர், "வலி என்பது உங்கள் மனப்பிரமை" என்று கூறுவாராயின் நோயாளி மறுமுறை எதையும் சொல்லார். "ஆம், மாத்திரையே காரணம்" என்று கூறுவாராயின் அவர் உயிருக்கு இருந்த காப்பு நீங்கிவிடும். இரண்டும் தவறு. "காகா, வலி எந்த நாளில் தொடங்கியது? அதற்கு முன் என்ன செய்தீர்கள்?" என்று, சிற்றப்பனை அழைக்கும் மராத்திச் சொல்லால் அன்போடு அழைத்து வினவுதலே தக்க தொடக்கம். இரண்டு ஆண்டுகள் வாராத வலி நெடுநடைக்குப் பின் வந்தது என்பது அப்போது வெளிப்படும்.

நோயாளியின் வலி மெய் என ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும்; அதன் காரணமோ ஆராயப்பட வேண்டும். இப்பாடத்தின் அடிப்படை இதுவே.

தசை நோவு: ஆய்வுகள் காட்டும் உண்மை

ஸ்டாட்டினால் தசை நோவு உண்டாகக்கூடும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது எத்தனை பேருக்கு உண்டாகிறது என்பதே வினா. உண்மை மருந்தையும், மருந்தில்லாத போலி மாத்திரையையும், எது எவருக்கு என்று அறியாதவாறு கொடுத்து ஒப்பிடுதல் இதற்குரிய முறை. அவ்வாறு நடந்த 19 ஆய்வுகளின், 1,23,940 பேரைப் பற்றிய விவரங்கள் ஒருங்கே ஆராயப்பட்டு 2022இல் வெளியாயின. மருந்து உண்டவர்களில் 27.1 சதவீதத்தினரும், போலி மாத்திரை உண்டவர்களில் 26.6 சதவீதத்தினரும் தசை நோவைத் தெரிவித்திருந்தனர். மருந்தினால் மிகுந்த நோவு பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தோன்றியது. அவ்வாண்டில் ஆயிரம் பேருக்குச் சுமார் 11 பேர் என்பதே அதன் அளவு. அந்த முதல் ஆண்டிலும், நோவு என்று சொன்ன பதினைந்து பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே அது மருந்தினால் வந்தது.

அங்ஙனமாயின் ஏனையோர் பொய் கூறினரோ? இல்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கும். பக்க விளைவு காரணமாக ஸ்டாட்டினை முன்னரே கைவிட்ட 60 பேரை அவர்கள் தேர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு புட்டிகள் தரப்பட்டன. நான்கில் ஸ்டாட்டின், நான்கில் போலி மாத்திரை, நான்கு வெறும் புட்டிகள். மாதம் ஒரு புட்டியாக ஓராண்டு கழிந்தது. நாள்தோறும் தம் துன்பத்தின் அளவை அவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று குறித்து வந்தனர். மாத்திரையே உண்ணாத மாதங்களில் சராசரி 8.0, போலி மாத்திரை உண்ட மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் உண்ட மாதங்களில் 16.3. மாத்திரை உண்கிறோம் என்னும் எண்ணமும் அதனால் தீமை வரும் என்னும் அச்சமுமே துன்பத்தின் பெரும்பகுதியை விளைவித்தன என்பது இதனால் தெளிவாயிற்று. துன்பம் மெய்யானதே, அதன் தோற்றுவாயே வேறு. முடிவுகளைத் தமக்குக் காட்டியபின், அவர்களில் பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர்.

தவறான செய்தியும் தீங்கு செய்யும். டென்மார்க்கில் 6,74,900 பேரைப் பற்றி 2016இல் வெளியான ஆய்வில், ஸ்டாட்டினைப் பழிக்கும் செய்திகள் வெளியானதை அடுத்து அதனை நிறுத்துவோர் மிகுந்தமை கண்டறியப்பட்டது. விரைவில் நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு 26 சதவீதமும், இதய நோயால் மரணம் 18 சதவீதமும் மிகுதியாக நேர்ந்தன.

மருந்தினால் வரும் நோவின் அடையாளங்கள்

மருந்தினால் வரும் நோவு பெரும்பாலும் உடலின் இரு பக்கமும் ஒத்து வரும். தொடை, இடுப்பு, தோள், கெண்டைக்கால் ஆகிய பெருந்தசைகளில் தோன்றும். மருந்து தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள் வரும். மருத்துவர் சொற்படி நிறுத்தினால் சில வாரங்களில் தணியும். மீண்டும் தொடங்கினால் மீண்டும் வரும். ஒரு பக்கம் மட்டும் வருவது, மூட்டில் வருவது, மின்னல்போல் வெட்டி இழுப்பது, மரத்துப்போவது ஆகியவை பெரும்பாலும் வேறு காரணத்தைச் சுட்டும்.

வேறு காரணங்களாவன:

1. மிகுந்த உடலுழைப்பு. நெடுநடை, புதிய உடற்பயிற்சி, பாரம் சுமத்தல் ஆகியவற்றிற்குப் பின் தசை நோதல் இயல்பு. இரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் என்னும் பொருளும் அப்போது சில நாட்கள் மிகுந்து காணப்படும். ஆதலால், அண்மையில் செய்த உழைப்பை மருத்துவரிடம் சொல்லாமல் இச்சோதனையைச் செய்துகொள்ளுதல் தவறான முடிவுக்கு இடந்தரும்.

2. கொசுவினால் பரவும் காய்ச்சல்கள். சிக்குன்குனியா, டெங்கு ஆகியவை உடல் நோவைத் தருபவை. சிக்குன்குனியாவின் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பார்சியில் 1973இல் தோன்றிய இந்நோய், நெடுங்காலம் அடங்கியிருந்து 2005-06இல் நாட்டில் மீண்டும் பரவியது. புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் அக்கிருமியின் வகையை ஆராய்ந்து அறிந்தனர். 2024ஆம் ஆண்டின் மழைக்காலத்திலும் புனேயில் இந்நோய் மிகுந்திருந்தது. எனவே, காய்ச்சல் இருந்ததா என்று வினவுதல் அவசியம்.

3. தைராய்டுச் சுரப்பு குறைதலும் வைட்டமின் டி குறைதலும். இவை தாமே நோவைத் தருவன. தைராய்டுக் குறை இருக்கும்போது ஸ்டாட்டினால் தசை கெடும் வாய்ப்பும் மிகுதி.

4. கால் இரத்தக் குழாய் அடைப்பு. நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி நொந்து, நின்றால் தணியுமாயின் குழாய் அடைப்பை ஐயுற வேண்டும். இந்நோய்க்கு ஸ்டாட்டினே மருந்து. வலியைக் கண்டு மாத்திரையை நிறுத்துவோர் இங்கே நோயை வளர்த்துக்கொள்ளுவோர் ஆவர்.

ஈரலும் நீரிழிவும்

ஸ்டாட்டின் உண்போரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு ஈரல் என்சைம்கள் மிகுதியாக உயரலாம். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அவை பெரும்பாலும் இயல்பு நிலைக்குத் திரும்பும். ஈரல் கெடும் அளவுக்குத் தீங்கு நேர்தல் மிக அரிது. மருந்து தொடங்குமுன் ஒரு சோதனையும், குறை தோன்றினால் மறு சோதனையும் செய்தல் வழக்கம். ஈரலில் கொழுப்புப் படிந்திருத்தல் மட்டுமே மருந்தை மறுப்பதற்குக் காரணமாகாது.

இரத்தச் சர்க்கரை சற்றே உயர்வதும் உண்மை. 2010இல் வெளியான கணக்கின்படி, 255 பேர் நான்கு ஆண்டுகள் மருந்து உண்டால் அவர்களுள் கூடுதலாக ஒருவருக்கு நீரிழிவு தோன்றும். இது பெரும்பாலும் நீரிழிவின் வாயிலில் நிற்பவர்க்கே நேர்வது. அதே அளவினரிடம் ஐந்து பேருக்கு வரவிருந்த மாரடைப்பு அல்லது மரணம் தடுக்கப்படுகிறது. ஆகவே, மருந்தை விடுவதன்று, சர்க்கரையைச் சோதித்து உணவையும் நடையையும் ஒழுங்கு செய்வதே தக்கது.

சேரத்தகாத மருந்துகள்

பக்க விளைவு பெரும்பாலும் ஸ்டாட்டினோடு வேறொரு மருந்து சேரும்போது மிகுகிறது. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றை உடல் அழிக்கும் வழியைச் சில மருந்துகள் அடைத்துவிடுகின்றன. அதனால் ஸ்டாட்டின் இரத்தத்தில் தேங்குகிறது. சளிக்காய்ச்சலுக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், படர்தாமரைக்குத் தரப்படும் இட்ராகொனசோல் ஆகியவை இத்தகையன. படர்தாமரைக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்குவோர் பலராதலின் களப்பணியாளர் இதனை மறவாது வினவ வேண்டும். மற்றொரு கொழுப்பு மருந்தாகிய ஜெம்பைப்ரோசில், கீல்வாதத்துக்குரிய கோல்சிசின் ஆகியவற்றோடு சேரும்போதும் எச்சரிக்கை தேவை. ஜெம்பைப்ரோசிலோடு சேர்த்துக் கொடுத்தபோது பெருந்தீங்கு விளைவித்த செரிவாஸ்டாட்டின் என்னும் ஸ்டாட்டின், தசை அழிவினால் மரணங்கள் நேர்ந்தமையால் 2001 ஆகஸ்டில் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

"இயற்கை மருந்து" என்று விற்கப்படும் சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பதும் லோவாஸ்டாட்டினே. அதனை ஸ்டாட்டினோடு சேர்த்து உண்பது, அறியாமல் அளவைக் கூட்டுவதாகும். ஆசிய மக்களின் இரத்தத்தில் ரோசுவாஸ்டாட்டின் ஏறத்தாழ இரு மடங்கு மிகுந்து நிற்பதால், அவர்களுக்கு அதனைக் குறைந்த அளவில் தொடங்குதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

நோவு சிறிதாயின் மாத்திரையைத் தாமே நிறுத்தாமல் ஓரிரு நாட்களில் மருத்துவரைக் காண வேண்டும். செல்லும்போது, உண்ணும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்ல வேண்டும். வலி தொடங்கிய நாள், இடம், அதற்கு முன்னைய உழைப்பு, காய்ச்சல் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுதல் நலம்.

இவ்விதிக்கு விலக்கு உண்டு. தாங்கொணாத தசைவலி, எழ முடியாத தளர்ச்சி, தேயிலைக் கஷாயம்போல் கறுத்த சிறுநீர், கண்ணும் தோலும் மஞ்சளித்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மாத்திரையை உடனே நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும் இந்நிலை மிக அரிது. ஆனால் தாமதம் உயிருக்கு ஆபத்து. கருவுற்ற பெண்களும், கருவுற விரும்பும் பெண்களும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

மருந்தே காரணம் என்று தெரிந்தாலும் வழி அடைபடுவதில்லை. மருத்துவர் சிறிது காலம் நிறுத்திப் பார்ப்பார். பின் குறைந்த அளவில் தொடங்குவார். வேறொரு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார். ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதும் உண்டு. குடலில் கொலஸ்டிரால் ஈர்க்கப்படுவதைத் தடுக்கும் எசட்டிமைப் என்னும் மருந்தைச் சேர்ப்பதால் ஸ்டாட்டினின் அளவைக் குறைக்க இயலும். ஸ்டாட்டினை ஏலாத 13,970 பேரிடம் பெம்பெடோயிக் அமிலம் என்னும் மருந்து சோதிக்கப்பட்டு, மாரடைப்பு முதலிய கேடுகளை 13 சதவீதம் குறைத்ததாக 2023இல் வெளியிடப்பட்டது. கீல்வாதம் உண்டாக்குதல் அதன் குறை.

பக்க விளைவை அரசுக்கு அறிவித்தலும் கடமை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டு, 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் மட்டுமன்றிப் பொதுமக்களும் அறிவிக்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. ஐயமற நிரூபித்த பின்னரே அறிவிக்க வேண்டும் என்பதில்லை. ஐயம் இருந்தாலே போதும்.

முடிவுரை

அந்த ஓய்வு பெற்ற தொழிலாளியிடம் மீண்டும் வரலாம். பணியாளர் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுகிறார். காய்ச்சல் இல்லை, புதிய மருந்து இல்லை, சிறுநீர் தெளிவாக உள்ளது. நடையின் களைப்பே காரணம் எனக் கொண்டு மருத்துவர் ஓய்வு கூறுகிறார்; மாத்திரையைத் தொடரச் சொல்லுகிறார்; சில நாட்கள் கழித்துச் சோதனைக்கு வரச் சொல்லுகிறார். நோவு தணியாதிருந்தால் அளவைக் குறைக்கவும் மருந்தை மாற்றவும் வழி இருக்கிறது என்பதையும் அவர் அறிந்துகொள்ளுகிறார். கொலஸ்டிராலுக்கு வலி இல்லை. அது குறைவதும் கூடுவதும் உடலுக்குத் தெரிவதில்லை. மாத்திரை தரும் தொல்லை தெரியும்; தடுக்கும் மாரடைப்போ தெரியாது. தெரியாத அந்நன்மையை நோயாளிக்கு எடுத்துரைப்பதும், தெரியும் தொல்லைக்குச் செவி சாய்ப்பதும் களப்பணியாளரின் இரு கடமைகள்.

பயிற்சி வினாக்கள்

1. ஸ்டாட்டின் இரத்தத்திலுள்ள தீய கொலஸ்டிராலை எவ்வாறு குறைக்கிறது?
2. போலி மாத்திரை உண்டவர்களுக்கும் துன்பம் நேர்ந்தது எதனால்? அத்துன்பத்தைப் பொய் எனக் கூறலாமா?
3. மாத்திரையை உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள் யாவை?
4. உம் ஊரில் தசை நோவுக்கு மருந்தல்லாத காரணங்கள் எவை, எந்தப் பருவத்தில் மிகுதி என்பதை ஆராய்ந்து எழுதுக.